மறையுரையில் விடுபட்ட பெயர்



கடந்த ஞாயிறு மறையுரையின் முடிவில், உலக டவுன் சிண்ட்ரோம் நாளைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பிள்ளைகளின் உடற்கலங்களில் 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கிறது, அதனாலேயே மூன்றாம் மாதத்தின் 21ஆம் நாள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது என்று சொன்னேன். (ஊரில் படித்தவர்களுக்கு நிறமூர்த்தம், இங்கு வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்குக் குரோமோசோம்.) அதனைக் கண்டுபிடித்தவர், நம் திருச்சபை வணக்கத்துக்குரியவராக அறிவித்துள்ள பேராசிரியர் ஜெரோம் லெஜேன் என்றும் சொன்னேன். திருப்பலி முடிந்து வாசலில் உங்களுக்குக் கைகொடுத்துக்கொண்டு நின்றபோது, இங்குள்ள வைத்தியசாலை ஒன்றில் தாதியாகப் பணிபுரியும் சகோதரி ஒருவர், மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, "சுவாமி, ஒரு பெயரை விட்டுவிட்டீர்கள்" என்றார். எந்தப் பெயர் என்று கேட்டேன். "மார்த் கோத்தியே" என்றார்.

எனக்கு அந்தப் பெயர் தெரியாது. இருபது ஆண்டுகளாகத் தியானங்களிலும் திருமண ஆயத்த வகுப்புகளிலும் இக்கதையைச் சொல்லிவருபவன் நான். வாரம் முழுவதும் தேடி வாசித்தேன். அச்சகோதரி சொன்னது சரி. பிழையைப் பீடத்தருகே நின்று சொன்னவன், திருத்தத்தை வாசலில் ஒருவருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போவது முறையன்று. ஆகவே இதனை உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்தருளுங்கள்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்தகைய பிள்ளையைப் பெற்ற தாய்மார் பலர் இத்தனை ஆண்டுகளில் என்னிடம் வந்து கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஆருடைய பாவம், சுவாமி?" கிரகண நேரத்தில் வெளியே போனதாலா, கண்ணூறா, சொந்தத்துக்குள் கலியாணம் செய்ததாலா, கர்ப்பமாயிருக்கையில் சாவீட்டுக்குப் போனதாலா என்று மாமியாரும் அயலாரும் அவர்களிடம் கேட்டு, இறுதியில் அவர்களே தங்களிடம் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். இக்கேள்வி இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடையது. பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் கண்டபோது சீடர்களும் இதனையே கேட்டார்கள். ஆண்டவர் அவன்மீதும் பழி போடவில்லை, அவன் பெற்றோர்மீதும் போடவில்லை. யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். அந்த மறுமொழியை அறிவியல் தன் வழியில் வந்தடைய எவ்வளவு காலம் எடுத்தது, யாருடைய கைகள் அதற்கு உழைத்தன என்பதே நான் இங்கு சொல்ல வருவது.

1866ஆம் ஆண்டில் இரண்டு கட்டுரைகள் அச்சாயின. ஒன்று இன்றைய செக் குடியரசிலுள்ள புருனோ நகரில், அகுஸ்தீனார் சபைத் துறவி கிரகோர் மெண்டல் எழுதியது. துறவுமடத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்காக வளர்த்து, ஒரு தலைமுறையின் இயல்பு அடுத்த தலைமுறைக்கு எண்ணிக் கணிக்கத்தக்க விதியின்படி செல்கிறது என்று அவர் காட்டினார். அதற்கு முந்திய ஆண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அவ்வூர் இயற்கை ஆய்வுக் கழகத்தில் அதனை வாசித்தும் இருந்தார். கேட்டவர்கள் எவரும் அதன் பெறுமதியை உணரவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின் மடாதிபதியாகி, நிர்வாகத்திலும் வரி வழக்கிலும் அவர் காலம் கழிந்தது. குருமடத்தில் எங்களுக்கு அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள்; அவர் சபை அவரை வரிக்கணக்கு எழுத வைத்ததைச் சொல்லமாட்டார்கள்.

மற்றக் கட்டுரை இங்கிலாந்தில், மனவளர்ச்சி குன்றியோர்க்கான ஏர்ள்ஸ்வூட் இல்லத்தின் பொறுப்பு வைத்தியர் ஜோன் லாங்டன் டவுன் எழுதியது. தம் இல்லத்திலிருந்த பிள்ளைகள் சிலரின் முகச்சாயல் ஒருவர்க்கொருவர் உடன்பிறந்தார் போல ஒத்திருப்பதை முதன்முதல் தெளிவாக விவரித்தவர் அவரே. ஆனால் அக்காலத்து இன வகைப்பாட்டு மோகத்தில், அவர்களுக்கு மங்கோலிய இனத்தவரின் பெயரைச் சூட்டிவிட்டார். ஓர் ஐரோப்பியத் தாயின் வயிற்றில் வேறோர் இனத்தின் சாயல் தோன்றுமாயின் இனங்களுக்கிடையே கடக்க முடியாத மதில் இல்லை, மனுக்குலம் ஒன்றே என்பது அவர் வாதம். நோக்கம் நல்லது, சூட்டிய பெயரோ ஒரு நூற்றாண்டுக்கு வசைச்சொல்லாக நின்றது. பெற்றோரின் காசநோய் இதற்குக் காரணமாகலாம் என்றும் அவர் கருதினார். டவுன் 1896இல் இறந்தார். அதன்பின் பிறந்த அவருடைய பேரன் ஒருவன், தாத்தாவின் பெயரையே தாங்கியவன், அதே நிலையோடு பிறந்தான்.

பட்டாணிச் செடியிலிருந்து இப்பிள்ளைகளின் முகத்துக்கு ஒரு வழி இருக்கிறது என்று அன்று எவரும் எண்ணவில்லை. இடைப்பட்ட காலத்தில் குற்றச்சாட்டுகளே பெருகின: காசநோய், மேகநோய், குடிப்பழக்கம், களைத்துப்போன கருப்பை. ஒவ்வொன்றிலும் சுட்டுவிரல் பெற்றோரை நோக்கியே நீண்டதைக் கவனியுங்கள். 1933இல் லயனல் பென்றோஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்து, தந்தையின் வயதோ பிள்ளை எத்தனையாவது என்பதோ அன்று, தாயின் வயதே இதனோடு தொடர்புடையது என்று நிறுவினார். ஏன் என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை.

அதே 1933இல்தான் ஜெர்மனியில், பரம்பரை நோயுள்ளோர் எனப்பட்டவர்களைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டம் வந்தது. 1939 ஓகஸ்டில், இத்தகைய குழந்தை பிறந்தால் மருத்துவிச்சியும் வைத்தியரும் அரசுக்கு அறிவிக்க வேண்டுமென ஆணை பிறந்தது. அறிவிக்கப்பட்ட குழந்தைகளுள் பலர் வைத்தியசாலைகளிலேயே கொல்லப்பட்டனர். வளர்ந்தோருக்கென வேறாக நடந்த திட்டத்தில் 1941 ஓகஸ்ட் வரைக்குள் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் நச்சுவாயுவினால் மாண்டனர். மியூன்ஸ்டர் ஆயர் வொன் கேலன் அவ்வாண்டு ஓகஸ்ட் 3ஆம் நாள் பீடத்திலிருந்து அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். கெட்ட இரத்தம் என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஐரோப்பா ஒருமுறை பார்த்திருக்கிறது. நம்மவர் சம்பந்தம் பேசும்போது, "அந்தக் குடும்பத்திலை அப்பிடியொரு பிள்ளை இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இனி நம் நகருக்கு வருவோம். பாரிசின் 12ஆம் வட்டாரத்திலுள்ள த்ருசோ வைத்தியசாலையை உங்களுக்குத் தெரியும். நள்ளிரவில் காய்ச்சல் கொதிக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் அவசரப் பிரிவுக்கு ஓடியவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். 1950களில் அங்கே பேராசிரியர் ரேமொன் துர்பான் பிள்ளை வைத்தியப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். இந்நிலைக்குக் காரணம் நிறமூர்த்தக் கோளாறாகவே இருக்க வேண்டும் என்று 1930களிலேயே கருதியவர் அவர். ஆயினும் மனிதக் கலத்தின் நிறமூர்த்தங்களை எண்ணுவது அந்நாளில் எளிதன்று. அவை ஒன்றின்மேலொன்று விழுந்து, நூற்குண்டு சிக்கினாற்போலக் கிடக்கும். 1923இல் பெயின்ரர் என்ற அமெரிக்கர் 48 என்று எண்ணினார்; முப்பது ஆண்டுகள் உலகம் முழுவதும் 48 என்றே படித்தது, படிப்பித்தது. வேறு எண் வந்தவர்கள் தங்கள் கண்ணையே சந்தேகித்தார்கள். ஜாவாவில் சீனக் குடும்பத்தில் பிறந்த ஜோ ஹின் ஜியோ என்பவர், சுவீடனின் லுண்ட் நகரில் அல்பர்ட் லெவானின் ஆய்வுகூடத்தில், கலங்களை நீர்மக் கரைசலில் உப்பவைத்து நிறமூர்த்தங்களை விலகவைத்து எண்ணி, 46 என்று 1956இல் வெளியிட்டார். எண் திருந்தியது. அதன்பின்னரே, யாருக்கேனும் ஒன்று கூடவா குறையவா என்று கேட்பதற்கே பொருள் உண்டாயிற்று.

மார்த் கோத்தியே 1925இல் பாரிசுக்குக் கிழக்கே ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். வைத்தியம் பயின்ற அவருடைய தமக்கை 1944இல், பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் படையினரால் கொல்லப்பட்டார். போரில் உடன்பிறப்பை இழந்தபின் படிப்பைத் தொடர்வது எத்தகையது என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மார்த் பிள்ளைகளின் இதய நோயில் தேர்ந்து, 1955இல் புலமைப்பரிசில் பெற்று ஓராண்டுக்கு அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். அங்கே இதயநோய்ப் பயிற்சியோடு பகுதிநேரமாக இழைய வளர்ப்பு ஆய்வுகூடத்திலும் வேலை பழகினார். உடலிலிருந்து எடுத்த சிறு துண்டு இழையத்தைக் கண்ணாடிக் கலனில் உயிரோடு பெருகச் செய்யும் கலை அது.

திரும்பி வந்தபோது அவர் எதிர்பார்த்திருந்த பதவி வேறொருவருக்குப் போயிருந்தது. த்ருசோவில் துர்பானின் பிரிவில் இடம் கிடைத்தது. பாரிசில் கலங்களை வளர்க்கத் தெரிந்தவர் இல்லையே என்று துர்பான் வருந்தியபோது, ஓர் அறை தந்தால் நான் செய்கிறேன் என்று முன்வந்தவர் இவரே. கிடைத்தது கைவிடப்பட்ட ஓர் ஆய்வுகூடம். ஒரு குளிரூட்டி, ஒரு மையநீக்கி, தரம் குறைந்த ஒரு நுணுக்குக்காட்டி. பணம் ஒதுக்கப்படவில்லை. கண்ணாடிப் பாத்திரங்களைத் தாமே கடன்பட்டு வாங்கினார். கலங்கள் வளர ஊட்டம் வேண்டும். பொஸ்டனில் அது போத்தலில் வரும், இங்கே இல்லை. ஆகவே நாட்டுப்புறத்திலிருந்து ஒரு சேவலைக் கொண்டுவந்து வளர்த்து அதன் இரத்தத்திலிருந்து நிணநீரை எடுத்தார். கருக்கட்டிய முட்டைகளிலிருந்து சாறு எடுத்தார். மனிதச் சீரத்துக்குத் தம் சொந்த இரத்தத்தையே எடுத்தார். தம் குருதியை ஊட்டி அந்தக் கலங்களை வளர்த்தார் என்று எழுதும்போது என் பேனா சற்றே நின்றது. மறையுரை செய்து பழகியவன், இதிலிருந்து ஒரு மறையுரை எடுக்காமல் விடுவது கடினம், விட்டுவிடுகிறேன்.

முதலில் நலமுள்ள பிள்ளைகளின் இழையத்தில் எண்ணினார்: 46. முறை சரியாக வேலை செய்தது. பின்னர் டவுன் நிலையுடைய ஒரு பிள்ளையின் இழையத்தில் எண்ணியபோது, 1958 மே மாதத்தில், சிறியதொரு நிறமூர்த்தம் கூடுதலாக நின்றது: 47.

லெஜேன் இக்கதையில் வருவது இங்கேதான். அவர் 1926இல் பிறந்தவர். 1952 முதல் துர்பானோடு சேர்ந்து இப்பிள்ளைகளின் உள்ளங்கை ரேகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அவர்கள்மீது உண்மையான பாசம் கொண்டவர். 1957 முதல் கோத்தியேயின் ஆய்வுகூடத்துக்கு வந்துபோனார். அங்கிருந்த நுணுக்குக்காட்டியில் படம் எடுக்கும் வசதி இல்லை. படமெடுத்து வருகிறேன் என்று லெஜேன் கண்ணாடித் தகடுகளைக் கொண்டுபோனார். படங்கள் தமக்குக் காட்டப்படவில்லை என்று கோத்தியே பிற்காலத்தில் எழுதினார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் கனடாவின் மொன்றியலில் லெஜேன் இக்கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசினார். 1959 ஜனவரி 26ஆம் நாள் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஏட்டில் கட்டுரை வெளிவந்தது: முதற்பெயர் லெஜேன், இரண்டாவது கோத்தியே, மூன்றாவது துர்பான். இரண்டாவது பெயர் பிழையாக அச்சாகியிருந்தது. மார்ச் மாதத்தில் ஒன்பது பிள்ளைகளின் கணக்கோடு இன்னொரு கட்டுரை வந்து ஐயத்தைத் தீர்த்தது.

நீதியாகச் சொல்ல வேண்டும். 47 என்று முதலில் எண்ணியவர் லெஜேனே என்று அவர் தரப்பினர் கூறுகிறார்கள்; அதற்குக் கடிதங்களையும் காட்டுகிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் மூடிய அறையில் எந்தக் கண் முதலில் எண்ணியது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்மின் அறநெறிக் குழு 2014இல் இதனை ஆராய்ந்தது. கலங்களை வளர்க்கும் அந்த முறை இல்லாமல் கண்டுபிடிப்பே இல்லை, அதில் கோத்தியேயின் பங்கு முதன்மையானது, லெஜேனின் பங்கு மேலோங்கியதாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று அது கருத்துரைத்தது. அதே ஆண்டு ஜனவரி இறுதியில் போர்தோ நகரில் மரபியலாளர் மாநாட்டில் அவர் தம் கதையைச் சொல்லிப் பதக்கம் பெறவிருந்தார். அவருக்கு வயது 88. லெஜேன் பெயரால் இயங்கும் நிறுவனம், அவருடைய உரையைப் பதிவு செய்ய நீதிமன்ற அனுமதியோடு அதிகாரிகளை அனுப்பியது. ஏற்பாட்டாளர்கள் அஞ்சி உரையை நிறுத்திவிட்டார்கள். பதக்கம் தனியறையில் கொடுக்கப்பட்டது. நம் விசுவாசத்தைச் சார்ந்தவர்கள், நல்ல நோக்கத்தோடு, ஒரு முதிய பெண்ணின் பேச்சைச் சட்டத்தின் கண்காணிப்புக்குள் வைத்தார்கள். வாசித்தபோது வெட்கப்பட்டேன். புனிதத்துவத்துக்கு விண்ணப்பிக்கப்படும் ஒருவரின் பெருமையைக் காக்க இன்னொருவரின் பெயரை மறைக்க வேண்டியதில்லை. திருச்சபையும் அப்படிக் கேட்பதில்லை.

இவ்விடத்தில் கதையை நிறுத்தி, அந்த 47ஆவது நிறமூர்த்தம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். "ஆருடைய பாவம்" என்று கேட்ட தாய்மாருக்கு மறுமொழி அதில்தான் இருக்கிறது.

ஒரு பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதமாய் இருக்கும்போதே, அதன் சிறிய சூலகங்களுக்குள் அறுபது, எழுபது இலட்சம் முட்டைக் கலங்கள் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது பத்து, இருபது இலட்சமாகக் குறைகின்றன. பின் புதிதாக உருவாவதில்லை என்பதே பொதுவான கணிப்பு. ஆகவே, உங்களை உண்டாக்கிய முட்டை, உங்கள் தாய் உங்கள் அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோதே அங்கு இருந்தது. நம் தொடக்கம் அம்மம்மாவின் வயிற்றுக்குள் என்று சொன்னால் அது கவிதையன்று, கருவியல்.

அந்த முட்டைக் கலம் ஒவ்வொன்றிலும், தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நிறமூர்த்தங்கள் சோடி சேர்ந்து கைகோத்து, பிரியும் ஆயத்தத்தில் அப்படியே நின்றுவிடுகின்றன. அந்தப் பெண் குழந்தை பிறந்து, வளர்ந்து, பருவமெய்தி, அம்முட்டை முதிரும் மாதம் வரும்வரை, பதினைந்து, முப்பது, நாற்பது ஆண்டுகள் அவை அந்நிலையிலேயே காத்திருக்கின்றன. முதிரும் வேளையில்தான் சோடிகள் பிரிந்து, 46 பாதியாகி, 23 மட்டும் முட்டையில் எஞ்ச வேண்டும். அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் புரதங்கள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்கின்றன. சில வேளை ஒரு சோடி ஒழுங்காகப் பிரிவதில்லை. 21ஆம் நிறமூர்த்தம் இரண்டும் ஒரே முட்டையில் தங்கிவிடுகின்றன. தந்தையின் விந்திலிருந்து இன்னொன்று வந்து சேர, மூன்றாகிறது. பத்தில் ஒன்பது பேருக்குக் கூடுதலான நிறமூர்த்தம் முட்டை வழியே வருகிறது. மற்றவருள் பெரும்பாலானோர்க்குத் தந்தை வழியே. பென்றோஸ் கண்ட வயதுத் தொடர்புக்கு விளக்கமும் இதுவே. தாய்க்கு 25 வயதெனில் ஏறக்குறைய 1200 பிறப்பில் ஒன்று. 35இல் 350க்கு ஒன்று. 40இல் 100க்கு ஒன்று.

இதில் கிரகணம் எங்கே? கண்ணூறு எங்கே? அந்தத் தாய் எதைச் சாப்பிட்டாள், எந்த வீட்டுக்குப் போனாள் என்பதற்கு இதில் இடமே இல்லை. சொந்தத்துள் திருமணம் செய்வதால் வேறு சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்புக் கூடும், அது உண்மை; இதற்கு அது காரணமன்று. நூற்றுக்கு மூன்று, நான்கு பேருக்கு மட்டும் 21ஆம் நிறமூர்த்தத்தின் துண்டு வேறொன்றோடு ஒட்டியிருக்கும். அவர்களுள்ளும் சிலருக்கே அது பெற்றோரிடமிருந்து வரும். அதனை மரபியல் வைத்தியரிடம் கேட்டறியலாம். இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். முதல் மூன்று மாதத்துள் கலைந்துபோகும் கருக்களில் ஏறக்குறையப் பாதியில் நிறமூர்த்தக் கோளாறு காணப்படுகிறது. மாடிப்படி ஏறினேன், பாரம் தூக்கினேன், வேலைக்குப் போனேன், அதனால்தான் போய்விட்டது என்று ஆண்டுக்கணக்காக நெஞ்சில் சுமக்கும் பெண்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். ஒப்புரவு அருட்சாதனத்தில் வந்து அதனைப் பாவமென்று சொல்லவும் செய்கிறார்கள். அருள்கூர்ந்து இப்பத்தியை இரண்டு முறை வாசியுங்கள்.

1961இல் மரபியலாளர் பத்தொன்பது பேர் லான்செட் ஏட்டுக்கு எழுதி, பழைய இனப்பெயரைக் கைவிடுமாறு கேட்டனர். 1965இல் மங்கோலியா நாடே உலக சுகாதார நிறுவனத்தில் எதிர்ப்புத் தெரிவித்தபின் அங்கும் அது கைவிடப்பட்டது.

லெஜேனின் பிற்கால வாழ்வைப் பற்றி நான் முன்னர் சொன்னவற்றுள் எதனையும் மீட்டுக்கொள்ளவில்லை. 1963இல், ஐந்தாம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு குறைவதால் குழந்தைகளின் அழுகை பூனைக்குட்டியின் குரல் போல ஒலிக்கும் நோயை விளக்கினார். ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சந்தித்து, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்தார். ஆயினும் அவர் கண்முன்னேயே கண்டுபிடிப்பு வேறு வழியில் சென்றது. 1966இல் கருவைச் சூழ்ந்த நீரிலுள்ள கலங்களை வளர்த்து நிறமூர்த்தங்களை எண்ண முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் பிறக்கு முன்பே டவுன் நிலை கண்டறியப்பட்டது. மருந்து இல்லை, ஆகவே அறிந்தபின் செய்யப்படுவது பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க மரபியலாளர் தங்கள் உயர்ந்த விருதை அவருக்கு அளித்தபோது, அந்த அவையிலேயே அதற்கு எதிராகப் பேசினார். அதன்பின் அவருக்குக் கதவுகள் பல மூடின. 1994இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை வாழ்வுக்கான திருப்பீடக் கழகத்தின் முதல் தலைவராக நியமித்தார். சில வாரங்களில், அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவன்று இறந்தார். 1997 இளையோர் மாநாட்டுக்குப் பாரிஸ் வந்த திருத்தந்தை அவர் கல்லறைக்குச் சென்று செபித்தார். 2021 ஜனவரியில் வணக்கத்துக்குரியவர் ஆனார். இவையெல்லாம் மெய். இவற்றோடு அந்தக் கண்ணாடித் தகடுகளும் மெய்.

இன்று ஊசியும் தேவையில்லை. தாயின் இரத்தத்தில் கருவின் மரபுப்பொருள் சிறிதளவு மிதக்கிறது என்று 1997இல் ஹொங்கொங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோ காட்டினார். அதிலிருந்து வந்த பரிசோதனையைத்தான் உங்கள் வைத்தியர் பத்தாம் வாரமளவில் பேசுகிறார். அந்தப் பெறுபேற்றுத் தாளோடு நள்ளிரவில் எனக்குத் தொலைபேசி எடுத்தவர்கள் உண்டு. திருச்சபையின் படிப்பினை என்னவென்று உங்களுக்குத் தெரியும். நானும் அதையே சொல்வேன், ஒளிப்பதில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். இத்தகைய பிள்ளையோடு திருப்பலிக்கு வரும் குடும்பம் ஏன் எப்போதும் கடைசி வாங்கில் அமர்கிறது? புதுநன்மை வகுப்புக்கு அப்பிள்ளையைச் சேர்க்க வந்த தகப்பன் ஏன் மன்னிப்புக் கேட்பதுபோல என் முன் நின்றார்? பெறு என்று நாம் சொல்லிவிட்டு, பெற்றபின் சாமத்திய வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் அழைக்காமல் விட்டால், அந்த இளம் தம்பதியர் நம்மில் எதனை நம்புவர்?

காலம் மாறியிருக்கிறது என்பதையும் அவர்கள் அறிய வேண்டும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இவர்களின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 25 ஆண்டுகள். இன்று 60ஐ எட்டியிருக்கிறது. இப்பிள்ளைகளுள் ஏறக்குறையப் பாதிப் பேர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள். முன்பு அது சத்திரசிகிச்சைக்கு உரியதென்றே கருதப்படவில்லை, இன்று முதலாண்டிலேயே சீர்செய்யப்படுகிறது. மார்த் கோத்தியே பயின்ற துறை பிள்ளைகளின் இதயம். கட்டுரை வெளிவந்தபின் அவர் நிறமூர்த்தங்களை விட்டுவிட்டு நோயுற்ற பிள்ளைகளிடமே திரும்பிப் போய்விட்டார். பின்னர் பாரிசின் தெற்கே பிசெத்ர் வைத்தியசாலையில் ஈரல் நோயுற்ற பிள்ளைகளிடையே நெடுங்காலம் உழைத்தார். ஐம்பது ஆண்டுகள் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசவில்லை. 2009இல்தான் தம் நினைவுகளை எழுதினார். 2022 ஏப்ரல் 30ஆம் நாள், 96 வயதில் இறந்தார்.

வரும் ஞாயிறு பத்து மணித் திருப்பலியின் விசுவாசிகள் மன்றாட்டில் அவரையும் லெஜேனையும் துர்பானையும் சேர்த்து நினைவுகூர்வோம். மறைக்கல்வி மாணவர்கள் மண்டபச் சுவரில் ஒட்டிய படத்தில் லெஜேன் மட்டுமே இருக்கிறார். அருகே இன்னொரு படம் வைக்க இடம் விட்டிருக்கிறேன். அதன்கீழ் எழுத வேண்டிய பெயரைப் பிரெஞ்சில் எழுத்துப் பிழையின்றி எழுதித் தரும்படி அந்தத் தாதிச் சகோதரியிடமே கேட்டிருக்கிறேன்.

உங்கள் பங்குத்தந்தை